மௌனம் சம்மதமாகாது

நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூருவில் மறைந்தபோது, அவருடைய கண்கள் நான்கு பேருக்குப் பார்வை அளித்தன. அவருடைய தந்தை ராஜ்குமாரின் கண்களும் 2006-இல் தானமாக வழங்கப்பட்டன. புனீத்தின் மறைவுக்குப் பின் கர்நாடகமெங்கும் கண்தானத்துக்குப் பதிவு செய்ய மக்கள் திரண்டனர். எந்தச் சட்டமும் அவர்களை நிர்ப்பந்திக்கவில்லை.

ஆயினும், மாற்று உறுப்புக்குக் காத்திருப்போர் பலர், கொடையாளர் சிலர். ஆகவே, உயிருடன் இருக்கையில் மறுப்பைப் பதிவு செய்யாத அனைவரையும் கொடையாளராகக் கருதும் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுகிறது. நோக்கம் நல்லது, வழி சரியன்று.

1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், இறந்தவர் முன்பே அளித்த இசைவையோ குடும்பத்தாரின் இசைவையோ கோருகிறது. இதை மாற்ற விரும்புவோர் ஸ்பெயினைச் சுட்டுகின்றனர். அங்கு 1979 முதலே மறுக்காதவர் கொடையாளர் எனக் கருதும் சட்டம் உண்டு; ஆனால் குடும்பத்தாரைக் கேட்காமல் உறுப்பு எடுப்பதில்லை. 1989-இல் உருவான தேசிய அமைப்பும், மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களும், பொதுச் சுகாதார முறையுமே அதன் வெற்றிக்கு அடித்தளம். பிரேசிலோ 1997-இல் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்து, மக்களின் அவநம்பிக்கையைக் கண்டு மறு ஆண்டே கைவிட்டது.

அந்த அவநம்பிக்கைக்கு நம் நாட்டிலும் காரணம் உண்டு. வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்ததையும், 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைச் சுற்றி எழுந்த சிறுநீரக விற்பனை விவகாரத்தையும் மக்கள் மறக்கவில்லை. பெங்களூருவில் கட்டடம் கட்டும் ஒடிசாத் தொழிலாளி தம் மறுப்பை எங்கே, எம்மொழியில் பதிவு செய்வார்? அவருடைய மௌனம் அறியாமையே அன்றிச் சம்மதம் ஆகாது. சிகிச்சைக்கே வழியற்றவரின் உடலை எடுத்து, பல லட்சம் செலவழிக்க வல்லோருக்கு அளிப்பது சமூக நீதியும் ஆகாது.

உடல் முழுமையாகவே அடக்கம் செய்யப்பட வேண்டும் என நம்புவோர் உள்ளனர். சிங்கப்பூர் 1987-இல் சட்டம் இயற்றியபோது முஸ்லிம்களுக்கு விலக்களித்தது. 2008-இல்தான் அவர்களையும் சேர்த்தது. அந்த நம்பிக்கை நம்முடையதன்று. தோழர்கள் ஜோதிபாசு, சீத்தாராம் யெச்சூரி ஆகியோரின் உடல்கள் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டன. அது அவர்கள் விரும்பி அளித்த கொடை. அதனால்தான் அதற்குப் பெருமை. கொடுக்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் ஒன்றின் இரு பக்கங்களே.

அரசு மருத்துவமனைகளில் இலவச உறுப்பு மாற்று சிகிச்சை, மாவட்டந்தோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர், உறுப்பு வணிகர்களுக்குக் கடும் தண்டனை: இவற்றை அரசிடம் கோருவோம். நம் பங்குக்கு, ஒவ்வொரு தோழரும் தம் விருப்பத்தை எழுதி வைத்துக் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும். மக்களிடம் பேசி இசைவு பெறுவதே நம் பணி; அவர்கள் பேசாதிருப்பதைப் பயன்படுத்திக்கொள்வது அன்று.