தோற்கவும் இடம் கொடுங்கள்

"பெண்பிள்ளைக்குச் சதுரங்கம் எதற்கு? அந்த நேரத்தில் ஒரு பாடத்தைப் படிக்கலாமே!" என்று கூறும் பெரியோர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

2002 செப்டம்பரில் மாஸ்கோ நகரில் ரஷ்ய அணிக்கும் உலக அணிக்கும் விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்தது. அப்போது உலகத் தரவரிசையில் முதலிடம் வகித்தவர் காரி காஸ்பரோவ். அவர் எதிரே வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவர் ஹங்கேரி நாட்டு ஜூடித் போல்கார். வயது 26.

ஜூடித் ஆடியது 'ரூய் லோப்பஸ்' தொடக்கம். 16-ஆம் நூற்றாண்டில் சதுரங்க நூல் எழுதிய ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் ஒருவரின் பெயர் அது. காஸ்பரோவ் 'பெர்லின் தடுப்பு' முறையில் பதிலளித்தார். 2000-இல் லண்டனில் அவரது உலகப் பட்டத்தை வென்ற கிராம்னிக்குக் கைகொடுத்த தடுப்பு அதுவே. தம்மை வாட்டிய ஆயுதத்தையே இப்போது தாம் எடுத்தார்.

எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டன. கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நின்றார். ராணி போனபின் ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் சோர்ந்துவிடுவோம். ஜூடித் சோரவுமில்லை, அவசரப்படவுமில்லை. மற்றக் காய்களைப் பொறுமையாகத் தக்க இடங்களில் நிறுத்தினார். அவரது 42-ஆம் நகர்த்தலுக்குப் பின் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெண்களுக்குச் சதுரங்கம் பொருந்தாது என்று ஒரு காலத்தில் பேசியவர் அவர். போல்கார் சகோதரிகள் அக்கருத்தைப் பொய்யாக்கியதைப் பின்னாளில் தாமே எழுதினார்.

தோழியரே, இவ்வெற்றி ஒரே நாளில் வந்ததன்று. அதற்கு முன் ஜூடித் அதே காஸ்பரோவிடம் பலமுறை தோற்றிருக்கிறார். பெண்களுக்கான உலகப் பட்டத்தை நாடாமல், வலிமை மிக்க ஆடவரோடு மோதித் தோற்றுத் தோற்றே கற்றார்.

நமக்கோ தோற்கவே வாய்ப்பில்லை! நம் பள்ளிச் சதுரங்கப் பலகை மழை நாளில் மட்டுமே அலமாரியை விட்டு இறங்குகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் "வெளியூர்ப் போட்டியா? வேண்டாம்மா" என்று வீட்டில் தடை விழுகிறது. தோல்வியால் நம் மனம் வாடும் என்ற அன்பு அதில் இருக்கலாம். ஆனால் வலியவரோடு மோதாதவள் தன் வலிமையை எப்படி அறிவாள்?

சகோதரிகளிடமும் பெற்றோரிடமும் பணிவாகக் கேட்பது இதுதான்: வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பலகையை விரிக்கவிடுங்கள். ஆண்கள் பள்ளி அணியோடும் எங்களை ஆடவிடுங்கள். முதல் ஆண்டு நாங்கள் தோற்றுத் திரும்பினால், "யாரிடம் தோற்றாய்?" என்று கேட்காதீர்கள், "என்ன கற்றாய்?" என்று கேளுங்கள்.