இந்தியாவை ஆராயாதே என்னும் உதவித்தொகை

ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளை அயல்நாட்டில் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கலாகாது என்று வரையறுக்கும் உரிமையை அரசுக்கு யார் வழங்கியது? ஆய்வுலக நண்பர்கள் இக்கேள்வியைத் தவிர்த்தது போதும்.

பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்காக ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் 'நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்' வழங்குகிறது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்ச ரூபாயைத் தாண்டக் கூடாது. 2022இல் இதன் விதிகளில் ஒரு வரி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுகளுக்கு இனி உதவி கிடையாது.

இவ்வரியின் பொருளை உணர 1916ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அம்பேத்கர் வாசித்தார். முந்தைய ஆண்டு அவர் முதுகலைக்கு அளித்த ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவியே அவரை அங்குக் கொண்டு சேர்த்தது. இன்றைய விதியின்படி அவ்விரு தலைப்புகளும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

அவர் லண்டனில் தங்கிய வீட்டை மகாராட்டிர அரசு முப்பது லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2015 நவம்பரில் பிரதமரே அதைத் திறந்துவைத்தார். அவர் உறங்கிய அறைக்கு மாலை. அவர் எழுப்பிய கேள்விக்குத் தடை. இதை முரண்பாடு என்று மென்மையாகச் சொல்லிக் கடந்துவிட இயலாது.

இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன என்பது அரசுத் தரப்பின் வாதம். மொழியியல் படித்தவர் எவரும் இதை ஏற்க மாட்டார். திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் ஆக்ஸ்போர்டில்தான் வெளிவந்தது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வினையடிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றது பென்சில்வேனியாவில், 1957இல். காலனிய ஆட்சியின் ஆவணங்கள் இன்றும் லண்டனில் உள்ளன. இவை ஒருபுறமிருக்க, தன் ஊரின் சாதியை அவ்வூர்ச் சாதியின் கண்காணிப்புக்கு வெளியே நின்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பே அயல்கல்வியின் பெரும்பயன். வசதியுள்ள வீட்டு மாணவர் சொந்தச் செலவில் சென்று இந்தியச் சமூகத்தை ஆராயலாம். அவரை எவரும் தடுப்பதில்லை. ஆக, இந்தியாவைப் பற்றிப் பேசும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதையே இவ்விதி தீர்மானிக்கிறது.

பாண்டுப் மலைச்சரிவில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் மராத்தியும் இந்தியும் எவ்வாறு கலந்தன, அக்கலப்பில் சாதிக்கும் குடிப்பெயர்வுக்கும் என்ன பங்கு என்று ஆராய விரும்பும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவர் பின்லாந்து மொழியின் வேற்றுமை உருபுகளை ஆராய முன்வந்தால் விண்ணப்பிக்கலாம். தன் தெருவை ஆராய முனைந்தால் விதி குறுக்கே நிற்கும்.

தலைப்பில் தப்பியவரையும் நிதி பதம் பார்க்கிறது. 2025இல் தேர்வு பெற்ற 106 பேரில் முதலில் 40 பேருக்கே ஒப்புதல் கடிதம் கிடைத்தது. நிதி வந்தால் பார்க்கலாம் என்று எஞ்சிய 66 பேருக்குச் சொல்லப்பட்டது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கெடுவும் விசா நேர்காணலும் எந்த அமைச்சகத்துக்காகவும் காத்திருப்பதில்லை. உதவிக்காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய அம்பேத்கர், சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துப் பணம் சேர்த்து, கடனும் பெற்று 1920இல்தான் மீண்டும் கப்பலேறினார். நூறாண்டு கழித்தும் அதே தவிப்பையே மாணவருக்குப் பரிசளிப்போமா?

வேண்டுவன இரண்டு. அத்தடை வரியை நீக்க வேண்டும். தேர்வானோர் அனைவருக்கும் சேர்க்கைக் கெடுவுக்கு முன் நிதி உறுதி செய்யப்பட வேண்டும். ஏப்ரல் 14 அன்று துறைதோறும் கருத்தரங்கு நடத்தும் பேராசிரியர்கள், அவ்வாண்டுத் தீர்மானத்தில் இவ்விரண்டையும் சேர்த்து அமைச்சகத்துக்கு அனுப்பட்டும். அதற்கும் துணிவில்லையெனில் படத்துக்கு மாலை சூட்டுவதையாவது நிறுத்திக்கொள்ளட்டும்.