ஒரே கூலி

நண்பரின் மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். லுத்தரன் சபை, ஞாயிறு ஆராதனை தவறாத ஆள். ஆனால் திராட்சைத் தோட்டத்து உவமை மட்டும் அவருக்கு ஆகாது. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார் அல்லவா? "எங்க ஷாப்புல இப்படிப் பண்ணியிருந்தா அன்னைக்கே ஸ்டிரைக்கு தம்பி. இயேசு சொன்னதாச்சேன்னு வாயை மூடிக்கிட்டிருக்கேன்."

கிருபை பற்றி நான் கேட்டதில் நேர்மையான பேச்சு இதுதான். 'நீ பாவி' என்றால்கூட மனுஷன் பொறுத்துக்கொள்வான். 'உன் முப்பது வருஷமும் அவனுடைய கடைசி ஒரு மணி நேரமும் ஒன்று' என்றால் சுருக்கென்று தைக்கும். ரட்சிப்பு இலவசம் என்பதில் கடன்பட்டவனுக்கு வருத்தமில்லை. கணக்கு எழுதி வைத்தவனுக்குத்தான் கோபம்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது, இது எங்கள் ஸ்ரீரங்கத்துச் சண்டையும்தானே என்று தோன்றியது. கரையேற நம் முயற்சியும் வேண்டுமா, அருள் ஒன்றே போதுமா? குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். பிள்ளை லோகாச்சாரியரின் தென்கலை வழி பூனையின் பக்கம். பெயருக்காவது நம் கையில் ஒரு பிடி வேண்டும் என்பது வேதாந்த தேசிகரின் வடகலை. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மன் லுத்தரன் அறிஞர் 1930-இல் இந்த அருள் வழியைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். எங்கள் தெருவில் அந்தச் சண்டை நெற்றி நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்ற அளவில் நிற்கிறது.

இலவசமாக வந்ததற்கும் வேலி போடாமல் நமக்கு ஆகாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். செத்த பிறகும் வரிசை கலையக் கூடாதாம்! கோயில் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? உறையூர்ப் பாணர் காவிரிக் கரையில் மெய்மறந்து நின்றார். வழிவிடவில்லை என்று லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார் என்பது குருபரம்பரைக் கதை. அடித்தவனே தோளில் தூக்கி வா என்று அரங்கன் உத்தரவு. அப்படித்தான் திருப்பாணாழ்வார் சந்நிதிக்குள் போனார். 'முனிவாகனர்' என்று பேரும் வாங்கினார்.

இதைச் சொன்னதும் பொன்மலைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சரி, தூக்கிட்டுப் போன அந்தச் சாமியாருக்கு என்ன கூலி?"