மகன் பந்தயத்துக்குப் போகிறேன் என்கிறானா?

"அப்பா! நான் மோட்டார் பந்தயத்தில் ஓட்டப்போகிறேன்."

மகன் இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அப்பா கோபப்படுவார். அம்மா அழுவாள். பாட்டி குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைப்பாள்!

கோபமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். "சரி, போ" என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை. சின்ன வண்டியில் போகட்டும்!

விடியற்காலை வேகம்

வேகத்தின் மேல் ஆசை இல்லாத வாலிபன் யார்? சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் அலறிக்கொண்டு பறக்கும். எதிரே பால்காரர் வருவார். வளைவில் மணல் கிடக்கும். மாடு படுத்திருக்கும். பறப்பவனுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா?

சாலையில் பந்தயம் விடுவது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் உண்டு. 2019-ல் திருத்திய சட்டத்தில் முதல் தடவைக் குற்றத்துக்கு அந்த அபராதம் 5,000 ரூபாய் வரை போகிறது. பதினெட்டு வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் மீதே வழக்கு வரும். 25,000 ரூபாய் அபராதம். 3 ஆண்டு வரை சிறை!

பையனை வீட்டில் பூட்டி வைக்க முடியாது. அவன் ஓட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

மைதானத்தில் ஒரு நாள்

அந்த இடம் நம் நாட்டில் இருக்கிறது. முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனிப் பந்தயத் தடம் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் இன்னொன்று வந்தது. அது 2.1 கிலோ மீட்டர்.

பந்தயம் இல்லாத நாள்களில் இங்கே யாரும் பணம் கட்டித் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு 'டிராக் டே' என்று பெயர். எதிரே வண்டி வராது. மாடு வராது. விழுந்தால் தூக்க ஆள் உண்டு. பரிசு கிடையாது, முதல் இடம், இரண்டாம் இடம் என்ற பேச்சும் கிடையாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். போட்டி இல்லாத இடத்தில் பெருமை எதில் இருக்கும்? வண்டியில்தான்! பக்கத்தில் நிற்பவனிடம் 600 சி.சி. வண்டி இருந்தால், இவனுக்கு 1,000 சி.சி. வேண்டும். கடன் வாங்குகிறான். ஒருமுறை சறுக்கி விழுந்தால் ரிப்பேர் செலவில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரணப் பாலிசியில் பணம் கிடையாது.

காளைக்கு ஒரு நியாயம்

கொங்கு நாட்டில் ரேக்ளா பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காளையின் பல்லைப் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். இளங்காளைக்கு 200 மீட்டர். பெரிய காளைக்கு 300 மீட்டர். சமமானவை சமமானவற்றோடு ஓட வேண்டும்.

மோட்டார் பந்தயத்திலும் இந்த நியாயம் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வண்டி. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர். டி.வி.எஸ். கம்பெனி 1994 முதல் மோட்டார் சைக்கிள்களில் இப்படிப் போட்டி நடத்துகிறது. தேர்வில் தேறியவனுக்குக் கம்பெனியே பந்தய வண்டி கொடுக்கும். சொந்த வண்டி வாங்கும் செலவு இல்லை! உடுப்பு, ஹெல்மெட், கட்டணம், போக்குவரத்து, இவைதான் குடும்பத்தின் பாடு. அதுவும் சின்னத் தொகை அல்ல. ஆனால் கடன் வாங்கிய 1,000 சி.சி. வண்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை.

ஒரே மாதிரி வண்டியில் தோற்றவன் வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஏன் தோற்றோம் என்று யோசிப்பான். பிரேக்கை எங்கே பிடித்தோம், வளைவில் எப்படித் திரும்பினோம் என்று பார்ப்பான். பத்து டிராக் டே சொல்லித் தராததை ஒரு தோல்வி சொல்லித் தந்துவிடும்.

800 செய்த வேலை

சின்ன எஞ்சினில் என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்குக் கோவைக் கதை தெரிய வேண்டும்.

கோவையில் கரிவரதன் என்று ஒரு பந்தய வீரர் இருந்தார். பந்தயக் கார் என்றால் சீமையிலிருந்து வர வேண்டும், பெரும் பணக்காரர் ஓட்ட வேண்டும் என்று இருந்த காலம் அது. அவர் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்தார். நாம் கடைத்தெருவுக்குப் போன அதே காரின் 796 சி.சி. எஞ்சின்தான்! அதை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்தார். 'பார்முலா மாருதி' பிறந்தது.

அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பார்முலா மாருதியில் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர். இரண்டாவதாக 2010-ல் போன சென்னை கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் ஜெயித்தவர்தான். மகள் கேட்டாலும் இதே பதில்தான். சென்னை அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டி போட்டவர்.

நடிகர் அஜித்குமாரின் குழு 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயம் ஓடி, தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. கை தட்டுவோம். ஆனால் அது பெரும் பணம் விழுங்கும் பந்தயம். அதைப் பார்த்துவிட்டுப் பையன் வந்து கேட்டால், 800 சி.சி. கதையைச் சொல்லுங்கள்.

கொடி பேசும்

சாலையில் எவனும் எவனுக்கும் கட்டுப்படுவதில்லை. பந்தயத்தில் அப்படி முடியாது. முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ஓடுவதற்கு முன் வண்டியையும் ஹெல்மெட்டையும் சோதிப்பார்கள். தடத்தில் கொடிதான் பேசும். மஞ்சள் கொடி ஆடினால் ஆபத்து. யாரையும் முந்தக் கூடாது. நீலம் என்றால் வேகமான ஆள் பின்னால் வருகிறான். சிவப்பு என்றால் பந்தயம் நின்றது. கறுப்புக் கொடியோடு உன் எண்ணைக் காட்டினால், உள்ளே வந்து பதில் சொல்ல வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் மெக்கானிக் மகனுக்கும் ஒரே கொடி!

உயிர் பயம் இல்லையா?

இருக்கிறது. இதை மறைத்து எழுதினால் நான் அயோக்கியன்.

இருங்காட்டுக்கோட்டையில் 2023-ல் மட்டும் இரண்டு உயிர்கள் போயின. ஜனவரியில், கார் பந்தயத்தில் அனுபவம் மிகுந்த 59 வயது வீரர். ஆகஸ்டில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன்.

அந்தச் சிறுவனின் சாவு என்னை மிகவும் உலுக்கியது. சட்டதிட்டம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மீசை முளைக்காத பிள்ளையைப் பெரிய தடத்தில் பலரோடு மோட்டார் சைக்கிளில் விட நான் சம்மதிக்க மாட்டேன். கூட்டமாகப் போகும்போது விழுந்தால், பின்னால் வருபவன் என்ன செய்வான்? நேரம் இருக்காது.

பெரியவன் ஆனாலும் பணத்தை எங்கே போடுவது என்பதில் அப்பா கண்டிப்பாக இருக்கட்டும். முதல் பணம் ஹெல்மெட்டுக்கு. அடுத்தது தோல் உடுப்பு, கையுறை, பூட்ஸ். கார் என்றால் பெல்ட்டும் இரும்புக் கூண்டும். பிறகு டயர், பிரேக். எஞ்சினுக்குச் சக்தி ஏற்ற மிச்சம் காசு இல்லையா? மிக்க சந்தோஷம்!

முடிவு சொல்லும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு போய் உட்காருங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கொடிக்காரர்கள் எத்தனை வளைவில் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பந்தயம் முடிந்ததும் வண்டிகள் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் நடந்து போங்கள். தோற்ற பையன்கள் ஜெயித்தவனைச் சுற்றி நின்றுகொண்டு, "அந்த வளைவுல எந்த கியர்டா போட்ட?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.