ஆண்டு மலர் ஆசிரியரைத் தக்க வைப்போம்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் கேம்ஸ், சினிமா, பாட்டு என்று தொடங்கிவிடுகிறோம். அதே கம்ப்யூட்டரால் உங்கள் குழந்தை படிக்கும் பள்ளிக்கும் ஒரு நல்ல உதவி செய்திடலாம். பள்ளி ஆண்டு மலரைத் தயாரிக்கும் ஆசிரியருக்குக் கை கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியர் தலையில் விழுகிறது. அவருக்குப் பாடவேளை குறைவதில்லை. கட்டுரை, கவிதை, ஓவியம் சேகரிப்பது, வகுப்பு வாரியாகப் போட்டோ வாங்குவது, அச்சகத்திற்கு அலைவது, புரூப் பார்ப்பது எல்லாம் மாலையிலும் விடுமுறையிலும்தான். மலர் வெளியானதும் வருவதோ, "என் பையன் பெயரில் ஏன் எழுத்துப் பிழை?" என்ற கேள்வி! இரண்டு, மூன்று ஆண்டுகளில் "வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார். பழைய போட்டோக்கள், பக்க வடிவமைப்பு பைல்கள், அச்சக விவரங்கள் எல்லாம் அவருடைய பென் டிரைவோடு போய்விடுகின்றன. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினால் இவர் தங்கிவிட மாட்டார். சுமையைக் குறைக்க வேண்டும். அந்தச் சுமையில் பெரும்பகுதி, வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய கம்ப்யூட்டர் வேலை.

முதலில் டைப்பிங். உங்கள் பிள்ளையின் கட்டுரையை யூனிகோடில் டைப் செய்து கொடுங்கள். விண்டோஸிலேயே தமிழ் கீபோர்டு உள்ளது. செட்டிங்ஸில் மொழிப் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகம் பழைய எழுத்துருவில் கேட்டால் மாற்றித் தரும் கன்வெர்ட்டர் புரோகிராம்கள் இருக்கின்றன. பெற்றோர் டைப் செய்தால் பிள்ளையின் நடை மாறிவிடாதா என்று கேட்கலாம். எழுதியதை எழுதியபடியே டைப் செய்யுங்கள். திருத்துவது ஆசிரியரின் உரிமை.

அடுத்து போட்டோ. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் தேவை. 1600 x 1200 பிக்ஸல் படம், சுமார் 5 அங்குல அகலம் வரைதான் தெளிவாக வரும். பைலுக்கு வகுப்பு, பிரிவு, மாணவர் பெயர் கொடுங்கள். வெறும் எண்களோடு வரும் நூற்றுக்கணக்கான படங்களில் யார் யார் என்று தேடுவதே தனி வேலை.

மூன்றாவது, பெயர்ப் பட்டியல். ஒரு பள்ளியில் 1,200 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெயருக்கு அரை நிமிடம் என்றாலும் ஆசிரியருக்கு 10 மணி நேரம் ஆகும். வகுப்பிற்கு ஒரு பெற்றோர் என 30 பேர் பிரித்துக்கொண்டால், ஆளுக்கு 20 நிமிடம்தான். அந்தந்த வகுப்புப் பட்டியலை மட்டும் அவரவருக்குக் கொடுத்தால் போதும். அதைக் குரூப்பில் சுற்ற விடக் கூடாது.

பள்ளி நிர்வாகமும் சும்மா இருக்கக் கூடாது. மலர் வேலை நடக்கும் மாதங்களில் வாரத்திற்கு இரண்டு பாடவேளையாவது குறைக்க வேண்டும். துணைக்கு இன்னொரு ஆசிரியரை நியமித்தால் வேலை தெரிந்தவர் எப்போதும் ஒருவர் இருப்பார். பைல்கள் அனைத்தும் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஆண்டு வாரியாக இருக்கட்டும். ஒரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

ஆண்டு மலரில் தன் பெயரை முதன்முதலாக அச்சில் பார்க்கும் மாணவனின் மகிழ்ச்சிக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் உழைப்பு இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "மலருக்கு நான் என்ன டைப் செய்து தரட்டும்?" என்று அவரிடம் கேளுங்கள்.