எடைக்குப் போட்ட துபாஷி

பூந்தமல்லி டிரங்க் ரோடு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை. போன மாதம் வீட்டில் சேர்ந்த பேப்பரைப் போடப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் தடிதடியாக இன்ஜினீயரிங் புத்தகங்கள். ‘காலேஜ் லைப்ரரில இருந்து வந்துது சார், எடைக்குத்தான் எடுத்தேன்’ என்றார் கடைக்காரர். மேலே இருந்தது ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’. 2001-ல் வந்த இரண்டாம் பதிப்பு. உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். ஒரு தேதிகூட இல்லை. ‘பசங்க எங்க சார் படிக்கிறாங்க’ என்று அவர் சொல்ல, நானும் தலையாட்டினேன்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டினால் எனக்கு இருட்டு. இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் அக்கா மகனிடம் கேட்டேன். பிரின்டர் வாங்கினால் கூடவே ஒரு சிடி தருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் இருந்ததுதான் டிரைவர். கம்ப்யூட்டருக்கு பிரின்டரின் பாஷை தெரியாது. பிரின்டருக்குக் கம்ப்யூட்டரின் பாஷை தெரியாது. நடுவில் நின்று பேசும் துபாஷி அது. துப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி. உங்கள் போனில் கேமரா, டச் ஸ்கிரீன், வைஃபை எல்லாவற்றுக்கும் தனித்தனி துபாஷி உண்டு. ஆண்ட்ராய்டு போன் என்றால் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான்.

‘அது சரி, ஒருத்தன்கூட அந்தப் புத்தகத்தை எடுக்கலையேடா?’

‘அது ரெஃபரன்ஸ் மாமா. எங்க காலேஜ்லயும் அதே எடிஷன்தான் இருக்கு. வெளிய தர மாட்டாங்க. அங்கயே உக்காந்து நோட்ஸ் எடுத்துக்கணும்.’

எடுத்திருக்கிறான், மூன்று மாதம். அந்த நோட்ஸை நம்பி ஒரு இன்டர்வியூவுக்கும் போயிருக்கிறான். தன்னை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று டிரைவரே எண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பித்திருக்கிறான். 2.6 கெர்னல் வந்தபோதே ஒழிந்துபோன வழக்கம் அது. ‘நீ எந்த வருஷத்துல இருக்கே தம்பி?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் புத்தக வியாபாரமே விசித்திரமானது. அலெஸ்ஸாந்த்ரோ ரூபினி 1998-ல் முதல் பதிப்பு எழுதினார். மூன்றாவது பதிப்பு 2005-ல், கெர்னல் 2.6.10-க்கு. நாலாவது வரவே இல்லை. கெர்னலோ இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை புதிதாகிறது, 2022-ல் 6.0 வந்துவிட்டது. உள் ஏற்பாடுகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். எழுதுவதற்கு வருஷக்கணக்கு, வாங்குவதற்குக் கொஞ்சம் பேர், மை காய்வதற்குள் பழசு. பதிப்பாளர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் கோபம் வாங்குகிறவர்கள் மேல்தான். பூந்தமல்லியிலிருந்து கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் விழும். லைப்ரரியில் இத்தனை தலைப்பு, இத்தனை பிரதி இருக்க வேண்டும் என்று ஏஐசிடிஇ விதி போட்டது. நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை கிடைத்தது. 2001 பதிப்பும் கணக்கில் ஒன்று, 2024 பதிப்பும் ஒன்று என்றால், எந்த கரஸ்பாண்டென்ட் புதுசுக்குச் செக் எழுதுவார்?

‘எல்லாம் நெட்டில் இனாமாகக் கிடைக்கிறதே’ என்பார்கள். ஆமாம், மூன்றாம் பதிப்பை முறைப்படியே இலவசமாகத் தந்திருக்கிறார்கள். இனாமாகக் கிடைப்பது 2005 சரக்கு. புதுசுக்குக் காசு கொடுக்க வேண்டும். பெங்களூர்க்காரர் கைவன் பிலிமோரியா 2021-ல் கெர்னல் புரோகிராமிங் பற்றி இரண்டு பாகம் எழுதினார். இரண்டாம் பாகம் டிரைவர்களுக்கு. முதல் பாகம் 2024-ல் மறுபதிப்பும் கண்டது. அதற்கு முன் 2008-ல், ஐபிஎம்மில் இருந்த ஸ்ரீகிருஷ்ணன் வெங்கடேஸ்வரன் ஒன்று எழுதினார். எழுதுகிறவர்கள் நம் ஆட்கள். போட்டது வெளிநாட்டுக் கம்பெனிகள்.

விலை அதிகம் என்ற புலம்பலும் முழுசாக எடுபடாது. ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்டு எத்தனையோ டெக்னிக்கல் புத்தகங்கள் மலிவாக வருகின்றன. இப்படி ஆசியாவுக்கென்று போட்ட மலிவுப் பதிப்புகளைத் தாய்லாந்திலிருந்து வரவழைத்து அமெரிக்காவில் விற்றார் ஒரு மாணவர். பதிப்பாளர் கேஸ் போட, வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய் 2013-ல் மாணவர்தான் ஜெயித்தார். அமெரிக்காவில் அந்த விலைக்கு அலைகிறார்கள். நாம் இங்கே கொஸ்டின் பேங்க் வாங்குகிறோம்.

பூந்தமல்லியைத் தாண்டி அதே ரோட்டில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. இப்போது ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. ஸ்க்ரூ முடுக்க நம் பிள்ளைகளுக்கு டிரெயினிங் கிடைக்கிறது. உள்ளே பேசும் துபாஷியை எழுத, 2001 பதிப்பு. அதுவும் உட்கார்ந்த இடத்தில்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் பெரியவர்களே, அலமாரியிலிருந்து ஏதாவது பத்துப் புத்தகத்தை உருவி, பதிப்பு வருஷத்தையும் தேதிச் சீட்டையும் பாருங்கள். ரெஃபரன்ஸ் என்று பூட்டி வைத்ததையும் கேளுங்கள். டிபனுக்கு முன்னால் அரை மணி நேரம் போதும். முடிந்தால் அப்படியே டிரங்க் ரோடு கடைக்கும் ஒரு எட்டு வாருங்கள். நான் கிளம்பும்போது இன்னும் இரண்டு மூட்டை பிரிக்காமல் கிடந்தது.