முதல் தடவை ஓடும், இரண்டாவது தடவை விழும்: கேஷில் எதைச் சேமிக்க வேண்டும்?

ஆப்பை முதல் தடவை திறந்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. வேறு பக்கம் போய்த் திரும்பி வந்தால் வெறும் வெள்ளைத் திரை. உடனே நெட்டைத் திட்டுவோம், சர்வரைத் திட்டுவோம். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி, தரவைக் கேஷில் சேமித்துத் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன்தான்.

காங்கேயத்தை எடுத்துக்கொள்வோம். கொப்பரைக் களங்களும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர். விடிந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இன்னைக்குக் கொப்பரை என்ன விலைங்க?" அந்த விலையைக் காட்டும் ஆப் ஒன்றை உள்ளூர் இளைஞர்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

டோக்கனா, சாப்பாடா?

சர்வரில் இருந்து விலை வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் ஜாவாஸ்கிரிப்ட் விலையை உடனே தராது, 'ப்ராமிஸ்' ஒன்றைத் தரும். ஹோட்டல் டோக்கன் மாதிரி: "இதை வெச்சுக்குங்க, ரெடியானதும் கூப்பிடறோம்". 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே இது சேர்ந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்பது வீண் என்று, வந்த விலையைக் கேஷில் வைக்கிறார்கள். தவறு இங்கேதான் நுழைகிறது. கேஷ் காலியாக இருந்தால் ஃபங்ஷன் ப்ராமிஸைத் தருகிறது. கேஷில் விலை இருந்தால் வெறும் எண்ணைத் தருகிறது. கேட்டவரோ டோக்கனை எதிர்பார்த்து 'தென்' என்று எழுதி வைத்திருக்கிறார். எண்ணுக்கு ஏது 'தென்'? ஆப் விழுகிறது. டெமோ காட்டும்போது கேஷ் காலியாக இருக்கும் என்பதால் யார் கண்ணிலும் படாது.

ஃபங்ஷனை 'அசிங்க்' என்று அறிவித்துவிட்டால் எப்போதும் ப்ராமிஸ்தான் திரும்பும். பலரும் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கருத்தில் இது பாதி வேலைதான்.

ஒரு விலைக்கு எத்தனை பேரை அனுப்புவீர்கள்?

விலை விசாரிக்க ஒரு பையனை அனுப்பியிருக்கிறீர்கள். அவன் திரும்புவதற்குள் இன்னும் ஒன்பது பேர் வந்து அதே விலையைக் கேட்கிறார்கள். இன்னும் ஒன்பது பையன்களை அனுப்புவீர்களா? "பையன் போயிருக்கான், வந்ததும் சொல்றனுங்க" என்பீர்கள்.

விலையை மட்டும் சேமிக்கும் கேஷுக்கு இந்தப் பொது அறிவு இல்லை. விலை வந்து சேரும் வரை அது காலிதான். ஆப் திறந்ததும் முகப்புத் திரை, பில் பக்கம், வரைபடம் மூன்றும் ஒரே நேரத்தில் கேட்டால், சர்வருக்கு மூன்று கோரிக்கைகள் போகும். தீர்வு எளிது: விலை வரும் வரை காத்திருக்காமல், ப்ராமிஸையே கேஷில் வையுங்கள். அடுத்துக் கேட்பவர்களுக்கும் அதே ப்ராமிஸைக் கொடுங்கள். ஒரே கோரிக்கை, எல்லோருக்கும் ஒரே பதில்.

தோற்ற வாக்கைத் தூக்கிப் போடுங்கள்

இதில் ஓர் ஆபத்து உண்டு. டவர் கிடைக்காத நேரத்தில் கேட்ட ப்ராமிஸ் தோற்றுப்போகும். அதுவும் கேஷிலேயே தங்கிவிட்டால், டவர் வந்த பிறகும் 'விலை கிடைக்கவில்லை' என்றே காட்டும். ஆகவே தோற்ற ப்ராமிஸைக் கேஷில் இருந்து நீக்க வேண்டும். பிழையைக் கேட்டவரிடம் சொல்லவும் வேண்டும். 'கேட்ச்' எழுதிப் பிழையை விழுங்கிவிட்டால், கேஷில் வெறுமைதான் விலையாக உட்கார்ந்திருக்கும்.

பிழைக்கும் பதிலுக்கும் வித்தியாசம் தெரியாத மென்பொருள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபேஸ்புக்கே சாட்சி. 2010 செப்டம்பர் 23 அன்று, டேட்டாபேஸ் திணறித் தந்த பிழையைத் தவறான மதிப்பு என்று எடுத்துக்கொண்டு கேஷை அழித்தது அதன் மென்பொருள். அழிக்க அழிக்கக் கோரிக்கைகள் கூடின. தளம் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது.

கேஷுக்கு வயது வரம்பும் தேவை. 2021-இல் கோவின் தளத்தின் பொது ஏபிஐ, தடுப்பூசி இட விவரம் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. கொப்பரை ஆப்பும் விலைக்குப் பக்கத்தில் 'காலை 10.15 நிலவரம்' என்று நேரத்தைப் போட வேண்டும். பழைய விலையை நம்பி லோடு ஏற்றியவருக்கு நஷ்டம் நிஜப் பணத்தில்தான் வரும்.

சின்ன ஆப்புக்கு இவ்வளவு தேவையா?

சின்ன ஆப்புக்குத்தான் கட்டாயம் தேவை. பெரிய நிறுவனத்தில் பிழை வந்தால் பார்க்க ராத்திரி ஷிஃப்டில் ஆள் இருக்கும். காங்கேயத்திலோ திருப்பூரிலோ ஒரு வியாபாரி ஆப்பில் இரண்டு தடவை ஏமாந்தால், புகார்கூடச் செய்ய மாட்டார். பேசாமல் வாட்ஸ்அப்புக்கும் நோட்டுக்கும் திரும்பிவிடுவார். அவரை மறுபடி அழைத்து வருவது கோட் எழுதுவதை விடக் கஷ்டம்.

இத்தனைக்கும் தேவைப்படுவது ஏறத்தாழ பத்து வரிக் கோட். ஆப்பைக் கஸ்டமரிடம் தருவதற்கு முன் மூன்று சோதனைகள் போதும். ஃபங்ஷனை அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்து கூப்பிட்டு, சர்வருக்கு எத்தனை கோரிக்கை போகிறது என்று எண்ணுங்கள். நெட்டை அணைத்துக் கூப்பிட்டு, பிறகு நெட்டைப் போட்டு மறுபடி கூப்பிடுங்கள். மூன்றிலும் தேறினால் தைரியமாகக் கொடுக்கலாம்.